தலையணைக்கும் ரெண்டு பேர்

சொந்தமாக ஒரு வாசல் சாவிகூட இல்லாத பதினோரு பேர் சேர்ந்து, ஊரில் உள்ளவர்களின் வீடுகளை எல்லாம் இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு லாரி. மேடு வந்தால் எல்லோரும் இறங்கி இரண்டு நல்ல வார்த்தை சொன்னால்தான் ஏறும். ஆனால் எட்டு வருஷத்தில் அவர்கள் கையில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததில்லை. ஒரு நிலைக்கண்ணாடி உடைந்தது உண்மை. வீட்டுக்காரர் அதில் தன் முகத்தை முதல் தடவையாக நல்ல வெளிச்சத்தில் பார்த்ததால்தான் உடைந்தது என்று அவர்களில் வக்கீல் என்று பெயர் எடுத்த ஒருவன் இன்றைக்கும் வாதாடுகிறான்.

அந்தக் கூட்டத்துக்குச் சட்டம் ஒன்றுதான். எதையும் ஒற்றை ஆளாகத் தூக்கக் கூடாது. பீரோவுக்கு இரண்டு பேர் என்றால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இவர்கள் தலையணைக்கும் இரண்டு பேர். பல்பை ஒருவன் கழற்றினால் இன்னொருவன் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டே மூன்று மாடி இறங்குவான். ஒரு சீப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இறக்கியதைப் பார்த்த வீட்டுக்காரம்மாள் ஒருத்தி, சிரித்த சிரிப்பில் வலி எடுத்து அன்றைக்கே பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடப் பையை இரண்டு பேர் தூக்கினால்தான் ஆச்சு என்று அடம்பிடிக்கிறதாகக் கேள்வி.

சட்டம் போட்டவள் மேஸ்திரி. எருமைத் தோள், ஆட்டுக்குட்டிக் குரல். அவளும் ஒரு காலத்தில் குடித்துவிட்டுக் கடை வாசல்களில் கிடந்தவள்தான். விட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. ஏன் இந்தச் சட்டம் என்று கேட்டால் சொல்லுவாள்: "வீடுன்னு இருந்தா எங்கயாவது ஒரு அலமாரியில ஒரு பாட்டில் இருக்கும். தனியா நிக்கிறவனைத்தான் அது கூப்பிடும். ரெண்டு பேரு நின்னா யாரைக் கூப்பிடறதுன்னு அதுக்கே குழப்பமாயிடும்." நிஜமாகவே பாட்டில் எதிர்ப்பட்டால் நாலு பேர். துணியில் சுற்றி, ஆளுக்கொரு மூலை பிடித்து, தலை குனிந்து மெல்ல இறக்கிக்கொண்டு வருவார்கள். தெருவில் போகிறவர்கள், போனது யாரோ பெரிய மனிதர் என்று ஒதுங்கி நின்றதுண்டு.

சட்டத்தில் இல்லாத வியாதி ஒன்றும் அவர்களுக்கு இருந்தது. எதையும் விட்டுவிட்டு வரத் தெரியாது. படிக்கட்டிலும் பாலத்தடியிலும் படுத்தவர்கள். ஒவ்வொருவனுடைய மூட்டையையும் ஏதோ ஒரு காலையில் யாரோ குப்பை என்று வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால் "அது குப்பை, விட்டுடுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால், "சரிங்க" என்று தலையை ஆட்டிவிட்டு அதையும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். பழைய வீட்டு ஒட்டடையைப் புது வீட்டில் அதே மூலையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்குக் கப்பல் என்பவன் வந்து சேர்ந்து பதினாலு மாதம். நடையால் வந்த பெயர். குடித்த காலத்தில் அவன் தெருவில் ஆடியபடி நடந்தால் பார்க்கிறவர்களுக்குக் குமட்டும். அவன் தோளில் உட்கார்ந்து சவாரி போன காக்காய் ஒன்று அதற்கப்புறம் பறப்பதை விட்டுவிட்டு நடந்தே இரை தேடியதாம். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சுக்கு அடியில் அவனைக் கண்டெடுத்தது மேஸ்திரியும் வக்கீலும்தான். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் கால்பக்கம். "சட்டத்தை உன்கிட்டதான் முதல்ல காட்டினோம்" என்பான் வக்கீல். இந்த வக்கீல் சட்டம் படித்தவன் அல்ல. கோர்ட்டுப் படிக்கட்டில் மூன்று வருஷம் படுத்திருந்தவன். அன்றையிலிருந்து கப்பலுக்கு ஜோடி அவன்தான். சாமான் தூக்குவது, தட்டு கழுவுவது, சம்பளம் வாங்கப் போவது எல்லாம் இருவராகத்தான். முதல் மூன்று மாதம் கப்பல் கழிப்பறைக்குப் போனால்கூட வக்கீல் கதவுக்கு வெளியே நின்று அரசியல் பேசுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர்கள் தங்கியிருந்த கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த பலகையில் மேஸ்திரி மறுநாள் வேலைக்கான விலாசத்தை எழுதினாள். கப்பல் அதைப் படித்தான். கையில் இருந்த தேநீர் டம்ளர் வழிந்து முடியும்வரை படித்துக்கொண்டே இருந்தான்.

"என்னடா, பெரிய எழுத்தா போடணுமா?" என்றாள் மேஸ்திரி.

"அது எங்க அக்கா வீடு."

கொட்டகையில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா வீட்டில்தான் இருந்தான். அக்காவும் அத்தானும் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், குடிக்கக் காசில்லாமல், அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் தன்னந்தனியாக முதுகில் ஏற்றி மூன்று மாடி இறக்கி விற்றுவிட்டான். வாங்கினவன் திறந்தபோது உள்ளே தக்காளி ஜில்லென்று இருந்ததாம். அதுவரைக்கும் கதை சிரிப்புக் கதைதான். தக்காளிக்குப் பின்னால் அத்தானுடைய சர்க்கரை வியாதி ஊசி மருந்தும் இருந்தது. மருந்துக் கடைகள் அடைத்த நாள். அத்தான் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆறாம் நாள் அக்கா கதவைச் சாத்தினாள். இந்தப் பதினாலு மாதத்தில் கப்பல் மூன்று கடிதம் போட்டான். பதில் இல்லை.

"நாளைக்கு நான் கொட்டகையிலேயே இருந்துடறேன்" என்றான்.

"தனியாவா? அப்ப வக்கீலும் நிக்கணும். ரெண்டு ஆள் குறைஞ்சா லாரி போகாது." மேஸ்திரி பலகையைத் துடைக்கிற துணியைக் கையில் எடுத்தாள். "அழிச்சுடட்டுமா? சொல்லு."

கப்பல் வெகுநேரம் யோசித்தான். அக்காவின் வாசலை ஒரு தடவையாவது நிதானத்தோடு தாண்ட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. பதினாலு மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டு எழுந்தான். பயமும் அதேதான். இத்தனை பேர் பார்க்க அவள் மறுபடியும் கதவைச் சாத்தினால், கால் தானாக எந்தக் கடைக்கு நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"அழிக்க வேணாம்" என்றான்.

மறுநாள் லாரியில் ஐந்து பேர். மற்ற ஆறு பேர் வேறொரு வீட்டில் சாமான் கட்டப் போயிருந்தார்கள். மேஸ்திரி ஓட்டினாள். கப்பலும் வக்கீலும் ஒரு ஜோடி. முடிவெட்டுக்காரரும் பேச்சாளரும் இன்னொரு ஜோடி. பேச்சாளர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். மீந்ததை மறுநாளைக்கு வைத்துக்கொள்வார். கப்பல் மடியில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி. அதன் இன்னொரு பக்கத்தை வக்கீல் பிடித்திருந்தான்.

மூன்றாம் மாடி. மேஸ்திரி அழைப்பு மணியை அடித்தாள். அக்கா கதவைத் திறந்தாள். தலையில் துணி கட்டி, கையில் கயிற்றுக்கண்டு. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவள், நாலாவது படியில் நின்ற கப்பலிடம் பார்வையை நிறுத்தினாள்.

"அது யாரு?" தெரிந்துதான் கேட்டாள்.

"எங்க ஆளுதாம்மா" என்றாள் மேஸ்திரி.

"அவன் வேணாம்."

"அக்கா" என்றான் கப்பல்.

"உன்னை நான் கூப்பிடல. லாரியைத்தான் கூப்பிட்டேன்."

"லாரியிலதான் வந்தேன்."

மேஸ்திரி குறுக்கே வந்தாள். "பதினாலு மாசம் ஆச்சும்மா. இவன் கையில ஒரு சாமான் உடைஞ்சதில்ல."

"உடைக்கிறவன் இல்ல இவன்" என்றாள் அக்கா. "முழுசாத்தான் கொண்டுபோவான்."

கப்பல், வக்கீல் துணையோடு, ஐஸ் பெட்டியை வாசற்படிக்கு இந்தப் பக்கமாக வைத்தான். "அத்தானோட மருந்துக்கு. புது வீட்டுல ஃபிரிட்ஜ் போடற வரைக்கும் ஐஸ் தாங்கும்." சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். சட்டப்படி வக்கீலும் இறங்கினான்.

இப்போது கணக்கு உதைத்தது. மேலே மூன்று பேர். ஒரு ஜோடி போக ஒருவர் ஒற்றை. ஒற்றை ஆள் எதையும் தொடக் கூடாது என்பதால் மூவரும் முறை வைத்து, ஒருவர் சும்மா நின்றார். சும்மா நிற்கிறவரும் கடமையாக நிற்க வேண்டும் என்று பேச்சாளர் கையைக் கட்டி நின்ற நிற்பில், அக்கா அவரையும் சாமான் என்று நினைத்து இரண்டு தடவை தூசி தட்டினாள்.

கீழே லாரியில் கப்பல் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பழக்கமான கடை அதே இடத்தில், புதுப் பெயிண்டோடு இருந்தது.

"என்ன பாக்கறே?" என்றான் வக்கீல்.

"நாப்பத்திரண்டு அடி."

"எண்ணாதே. எண்ணியே ஆகணும்னா என் பல்லை எண்ணு." வாயைத் திறந்து காட்டினான்.

"பதினொண்ணு."

"கடவாய்ப் பக்கம் சரியாப் பாருடா. அவசரப்படாதே, நமக்கு என்ன ரயிலா போகுது."

மூன்றாம் தடவை எண்ணும்போது, அரைமணி நேரமாக மேலிருந்து இறங்க வேண்டிய ஃபிரிட்ஜ் இறங்கவில்லை என்பதைக் கப்பல் கவனித்தான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. இரண்டாம் மாடிக்காரர் ஃபிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, வேலைக்கு வர இயலாது என்று விடுப்புக் கடிதமே எழுதி முடித்து, அதை வெளியே அனுப்ப வழியில்லாமல் நின்றார்.

கப்பல் தரையைப் பார்த்தபடி, வக்கீலிடம் மட்டும் சொன்னான்: "கதவுக் கைப்பிடி, படிக்கட்டுக் கம்பியில மாட்டியிருக்கும். முதுகைச் சுவத்துப் பக்கம் திருப்பி, கால் பக்கத்தை முதல்ல கம்பிக்கு மேல தூக்கணும்."

வக்கீல் அதை அப்படியே மேலே பார்த்துக் கத்தினான்.

"இது யாரு சொன்னது?" என்று மேஸ்திரியின் குரல் கீழே வந்தது. வக்கீல் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டான்.

அக்காதான் பதில் சொன்னாள். "வேற யாரு? இந்தப் படியில ஃபிரிட்ஜ் இறக்கின அனுபவம் உலகத்துலயே அவன் ஒருத்தனுக்குத்தான் இருக்கு." படிக்கட்டுக் கம்பியில் ஒரு தட்டு தட்டினாள். "வரச் சொல்லுங்க. ஃபிரிட்ஜ் இறங்கினதும் லாரிக்குப் போயிடணும்."

கப்பலும் வக்கீலும் ஏறினார்கள். ஃபிரிட்ஜில் கை வைப்பதற்கு முன்னால் கப்பல் நின்றான்.

"மருந்து?"

அக்கா இடுப்பில் வைத்திருந்த ஐஸ் பெட்டியை லேசாகத் தட்டிக் காட்டினாள்.

அதற்கப்புறம் நடந்ததை முடிவெட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். கப்பல் ஃபிரிட்ஜைத் திருப்பியது, குழந்தையைத் தூக்கத்தில் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி இருந்ததாம். கம்பியில் ஒரு கீறல் இல்லை, சுவரில் ஒரு பொட்டு சுண்ணாம்பு உதிரவில்லை. திருப்பம் தாண்டியதும் இரண்டாம் மாடிக்காரர் கைதட்டினார். அப்போதும் வேலைக்குப் போகவில்லை, கூடவே இறங்கிப் பார்த்தார். அக்கா ஃபிரிட்ஜின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கீழ்ப் படிவரைக்கும் பின்னாலேயே வந்தாள். காவலுக்குத்தான் வந்தாள். ஆனால் கீழே வரவர, அவள் பார்த்தது ஃபிரிட்ஜை அல்ல, தம்பியின் கால்களை. ஒரு படிக்கு ஒரு அடி, நேராக வைத்து இறங்கிக்கொண்டிருந்தான்.

லாரியில் ஃபிரிட்ஜ் ஏறியது. கப்பல், அக்கா சொன்னபடியே, அங்கேயே நின்றுகொண்டான். அக்காவும் மறுபடி கூப்பிடவில்லை.

கடைசியாகப் பின்பக்கத்துப் பால்கனி. "அந்தக் குவியல் வேணாம், குப்பை" என்றாள் அக்கா. "சரிங்க" என்று முடிவெட்டுக்காரரும் பேச்சாளரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, தேய்ந்த துடைப்பம், மூடியில்லாத வாளி, ஒரு கால் போன ஸ்டூல், ஒரு நீலத் துணிப் பை என்று வரிசையாக இறக்கி லாரிக்குக் கொண்டுவந்தார்கள்.

பையைப் பார்த்ததும் கப்பல் உட்கார்ந்துவிட்டான். ஜிப் அறுந்த இடத்தில் மூன்று ஊக்கு. அந்த ஊக்கைக் குத்தியது அக்கா.

"யாருது?" என்றான் வக்கீல்.

"என்னுது. என் சட்டையெல்லாம் இதுலதான் இருக்கும்."

வக்கீல் தாடையைச் சொறிந்தான். "ஒன்பது வருஷம் தூக்கிப் போடாம வச்சிருக்காங்க. அதைப் பாரு."

"இன்னிக்கு வெளிய வச்சிருக்காங்க. நான் அதைத்தான் பாக்கறேன்."

மேஸ்திரி லாரியின் பின்கதவைச் சாத்தினாள். பை உள்ளே இருந்தது.

புது வீடு தரைத்தளம். வாசலில் அத்தான் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கேலி மட்டும் இளைக்கவில்லை. ஃபிரிட்ஜ் இறங்குவதைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"வா மச்சான். இந்தத் தடவை சரியான வீட்டுக்குக் கொண்டாந்திருக்கே."

கப்பலும் வக்கீலும் சேர்ந்து பிடித்திருந்ததால் ஃபிரிட்ஜ் தப்பித்தது. அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கப்பல் அவர் முன்னால் வந்து நின்றான். இதைச் சொல்வதற்கு அவன் பதினாலு மாதம் ஒத்திகை பார்த்திருந்தான். வந்தது ஒரு வரிதான்.

"அத்தான், அன்னிக்கு உள்ள மருந்து இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தூக்கினேன்."

அக்கா உள்ளே தரை பெருக்குகிற சத்தம் நின்றது. மூன்று கடிதத்திலும் அவன் இதை எழுதியிருக்கவில்லை.

அத்தான் அவனை நிதானமாகப் பார்த்தார். "உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்டா" என்றார். "நீயே வந்து சொல்லட்டும்னுதான் இருந்தேன். சரி, என் நாற்காலியை வெயில் படாத பக்கமாத் தள்ளு."

நாற்காலியை அத்தானோடு சேர்த்து இரண்டு பேர் தூக்கி நிழலில் வைத்தார்கள்.

சாமான்கள் உள்ளே போயின. வாசற்படிவரைக்கும் கப்பலும் வக்கீலும். அங்கிருந்து உள்ளே மற்றவர்கள். ஒவ்வொரு சாமானுக்கும் கப்பல் தொழில் முறைப்படி, "இது எங்க வைக்கணும்?" என்று வாசலில் நின்று கேட்டான். உள்ளேயிருந்து அக்கா, முகம் காட்டாமல், "ஜன்னல் பக்கம்", "அடுப்படி", "கட்டிலுக்குக் கீழ" என்று பதில் சொன்னாள். வாசலைத் தாண்டு என்று சொல்லவில்லை. அவனும் தாண்டவில்லை. தேய்ந்த துடைப்பம் வந்தபோதுதான் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"இது குப்பைன்னு சொன்னேனே."

"சொன்னீங்கம்மா" என்றாள் மேஸ்திரி.

"அப்புறம் ஏன் கொண்டாந்தீங்க?"

"எங்களுக்கு அது வராதும்மா. வேற எந்த வேலை வேணாலும் சொல்லுங்க, செய்யறோம்."

லாரியில் இரண்டே சாமான்தான் மீதி. கால் போன ஸ்டூல். நீலப் பை. கப்பல் பையின் ஒரு காதைப் பிடித்து வெளியே இழுத்தான். இன்னொரு காதைப் பிடிக்க ஆள் வேண்டும். திரும்பிப் பார்த்தான்.

வக்கீல் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். முடிவெட்டுக்காரரும் அப்படியே. பேச்சாளரும். மேஸ்திரிக்குக் குனிவதென்றால் ஆகாது, அவளும் குனிந்திருந்தாள். நாலு பேரும் குனிந்த இடத்திலேயே நின்றார்கள். பேச்சாளர் அன்றைக்குச் செருப்பே போட்டு வரவில்லை.

அக்கா வாசலில் நின்று, நாலு முதுகையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது என்ன, காத்தடிச்சா பறக்கற பை. ஒருத்தன் தூக்க முடியாதா?"

"முடியும்க்கா" என்றான் கப்பல். "தூக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"சட்டம்."

"தலையணையைக்கூட ரெண்டு பேருதான் தூக்கினாங்க" என்று அத்தான் நிழலிலிருந்து சாட்சி சொன்னார். "நானே பார்த்தேன். நல்ல சட்டம். முன்னாடியே இருந்திருந்தா நம்ம ஃபிரிட்ஜ் வீட்டுலயே இருந்திருக்கும்."

அக்கா அசையவில்லை. கப்பலும் அசையவில்லை. பையின் ஒரு காது அவன் கையிலும் இன்னொரு காது காற்றிலும் இருந்தன. பேச்சாளருக்கு முதுகு பிடித்துக்கொண்டு ஒரு முனகல் வந்தது. அதை அன்றைய கணக்கில் ஒரு வார்த்தையாக அவர் பிற்பாடு கழித்துக்கொண்டார்.

அக்கா படியிறங்கினாள். மறு காதைப் பிடித்தாள். பிடித்ததும் முகம் சுளித்தாள். "ஊக்கெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு" என்றாள், யாரோ அதற்குப் பொறுப்பு என்கிற மாதிரி. இருவருமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பை ஒன்றுமில்லாத கனம்தான். அந்த ஏழெட்டு அடிக்கும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. வாசற்படியில் கப்பல் நின்றான்.

"இது எங்க வைக்கணும்க்கா?"

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புதிதாக வந்தவர்களைப் பார்க்க மதிலோரம் வந்து நின்று, "லாரிக்காரங்களா?" என்று விசாரித்தார்.

"லாரிக்காரன்தான்" என்றாள் அக்கா. "என் தம்பி. ஊர்லயே இவங்ககிட்டதான் ஒரு டம்ளர்கூட உடையாது." பிறகு தம்பியைப் பார்த்து, "பீரோவுல கீழ்த்தட்டு காலியா இருக்கு. வா, அங்க வைக்கலாம். பாத்து, படி தட்டும்."

அவன் படியைத் தாண்டினான்.

வெளியே நாலு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அந்த எலும்புச் சத்தத்தில் தெருக்கோடியில் இரண்டு நாய்கள் குரைத்தன. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், குப்பையை விடக் கூடாதுன்னு" என்றான் வக்கீல், அப்படி எதுவும் சொல்லாதவன். மேஸ்திரி இடுப்பில் கை வைத்து, தானே கட்டின வீட்டைப் பார்ப்பதுபோல அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டூலைத்தான் அக்கா கடைசிவரைக்கும் சேர்க்கவில்லை. "இதையாவது எடுத்துட்டுப் போங்க" என்று கெஞ்சினாள். இரண்டு பேராகத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அது இன்றைக்கும் அங்கே இருக்கிறது. ஒருவர் உட்கார்ந்தால் கவிழ்த்துவிடும். இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் மலை மாதிரி நிற்கும். உட்கார்ந்து பார்த்த பதினோரு பேர் சாட்சி.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் அக்கா, கழுவின ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கொட்டகைக்கு வந்தாள். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடிக்க அத்தானையும் இழுத்து வந்திருந்தாள். இருந்த ஒரே நாற்காலியில் அத்தான் உட்கார்ந்துவிட, அக்காவுக்கும் தம்பிக்கும் ஸ்டூல்தான். முதுகோடு முதுகு சாய்ந்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்து, தேநீர் குடித்தார்கள். எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

டம்ளர் காலியானதும் அக்கா ஒரு கையை முழங்காலில் ஊன்றினாள்.

"நான் எந்திரிக்கப் போறேன்டா" என்றாள். "நீயும் எந்திரி."